எவரெஸ்டில் இருந்து பறந்தார்கள்! பொதிகையில் இருந்து பறந்து வரலாமா?

பாளையங்கோட்டை,

பாளை பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு டீக்கடை. சாயங்கால நேரம். கல்லூரி மாணவர் ஒருவர் செல்போனில் ஒரு வீடியோவை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு இருந்தார்.

பனி மலை உச்சி. ஒரு ஆள் முதுகு மூட்டையை அவிழ்க்கிறார். உள்ளே இருந்து ஒரு துணியை எடுத்து விரிக்கிறார். நாலு எட்டு ஓடுகிறார். அவ்வளவுதான்! துணி சிறகாக விரிகிறது. ஆள் பறந்து விட்டார்!

"அண்ணாச்சி, இதை வச்சு நம்ம பொதிகை உச்சியில இருந்து பாளைக்கு பறந்து வந்திரலாமா?" என்று கடைக்காரரை கேட்டார் மாணவர்.

கடையில் ஒரே சிரிப்பு. ஆனால் பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் சிரிக்கவில்லை. வாலிப வயதில் மலை ஏறியவராம். "சிரிக்காதீங்கய்யா. ஏறும்போது மூச்சு மட்டும்தான் வாங்கும். இறங்கும்போது முட்டு ரெண்டும் கழண்டுரும். பறந்து வரலாம்னா யாருக்குத்தான் கசக்கும்?" என்றார்.

வரலாமா? கூடாதா? விசாரித்தோம். கிடைத்த விவரங்கள் இதோ:

துணிதான் சிறகு

இந்த சிறகின் பெயர் பாராகிளைடர். பாரசூட்டுக்கு தம்பி என்று சொல்லலாம். பாரசூட் விழுகிறவரை மெதுவாக இறக்கும். பாராகிளைடரோ விமானத்தின் இறக்கை போல முன்னால் நகர்ந்துகொண்டே இறங்கும்.

கம்பி கிடையாது. கட்டை கிடையாது. என்ஜினும் கிடையாது. வெறும் நைலான் துணியும் நூல் கயிறுகளும்தான். துணியில் வரிசையாக பைகள் தைத்து இருக்கும். ஓடும்போது அதில் காற்று புகுந்து சிறகு விறைத்து நிற்கும். பறப்பவர் கீழே ஒரு இருக்கையில் வாரால் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கயிற்றை இழுத்து திருப்புவார்.

1978-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் மியூசி என்ற மலை கிராமம். அங்கே பாரசூட் பழகும் 3 பேருக்கு ஒரு யோசனை. விமானத்தில் ஏறி குதிக்க செலவு அதிகம். மலைச்சரிவில் இருந்து ஓடிக் குதித்தால் என்ன? குதித்தார்கள். பிழைத்தார்கள். அதில் பிறந்ததுதான் இந்த விளையாட்டு.

சாதாரண சிறகு 5 கிலோ அளவுக்கு இருக்கும். மலை ஏறுகிறவர்களுக்கு என்றே இப்போது லேசான சிறகு செய்கிறார்கள். மிகவும் லேசானது ஒன்று, ஒன்றரை கிலோதான். ஒரு படி அரிசி எடை!

எவரெஸ்டில் 12 நிமிடம்

1988-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி பிரான்சு வீரர் ழான் மார்க் புவாவான் எவரெஸ்டு உச்சியில் ஏறினார். அங்கேயே சிறகை விரித்து பறந்தார். சுமார் 12 நிமிடத்தில் 2-வது முகாமில் வந்து இறங்கி விட்டார். கிட்டத்தட்ட 3 ஆயிரம் மீட்டர் இறக்கம்! கால்நடையாக இறங்குகிறவர்கள் உயிரை கையில் பிடித்துக்கொண்டு இறங்கும் பாதை அது.

எவரெஸ்டு சாவுகளில் ஒரு விவரம் பலருக்கு தெரியாது. 8 ஆயிரம் மீட்டருக்கு மேல் செத்தவர்களில் பெரும்பாலோர் உச்சியை தொட்டு விட்டு இறங்கும்போதுதான் செத்து இருக்கிறார்கள். தெம்பு போய், பிராண வாயு குறைந்து, புத்தி தடுமாறும் நேரம் அதுதான். அதனால்தான் மலை ஏறுகிறவர்களுக்கு இந்த துணி மீது இவ்வளவு ஆசை.

புவாவான் கதை அதோடு முடியவில்லை. 1990-ம் ஆண்டு பிப்ரவரியில் வெனிசுலா நாட்டு ஏஞ்சல் நீர்வீழ்ச்சி பாறையில் இருந்து பாரசூட்டோடு குதித்தபோது அவர் உயிர் இழந்தார்.

மலை தெரிந்தவரும் காற்று தெரிந்தவரும்

அடுத்த கதை நேபாளம். லக்பா செரி என்ற ஷெர்பா. எவரெஸ்டு அவருக்கு பழகிய மலை. ஆனால் பறப்பதில் கற்றுக்குட்டி. நீச்சலும் தெரியாது. இன்னொருவர் சானோ பாபு சுனுவார். பறப்பதிலும் படகிலும் சூரர். பெரிய மலை எதுவும் ஏறியது இல்லை.

இரண்டு பேரும் கூட்டு சேர்ந்தார்கள். 2011-ம் ஆண்டு மே 21-ந் தேதி காலையில் எவரெஸ்டு உச்சியில் நின்றார்கள். ஒரே சிறகில் இரண்டு பேரும் பறந்து, முக்கால் மணி நேரத்துக்குள் நாம்சே பஜார் அருகே இறங்கினார்கள். அதோடு விட்டார்களா? ஆற்றில் படகை தள்ளி, கங்கை வழியாக ஜூன் மாதக் கடைசியில் வங்கக் கடலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

மலையில் ஷெர்பா சொன்னதை பாபு கேட்டார். காற்றிலும் தண்ணீரிலும் பாபு சொன்னதை ஷெர்பா கேட்டார். அதனால்தான் பிழைத்தார்கள்.

2024-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி உலகின் 2-வது உயர்ந்த மலையான கே-2 மீது பிரான்சு வீரர் பெஞ்சமின் வெத்ரின் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் 10 மணி 59 நிமிடத்தில் ஏறி, உச்சியில் இருந்து பறந்து இறங்கினார். இதே ஆள் 2022-ல் இதே மலையில் 8 ஆயிரத்து 400 மீட்டர் வரை போய், மூச்சு இல்லாமல் தடுமாறி, திரும்பி வந்தவர்! அன்று திரும்பியதால் இன்று ஆள் இருக்கிறார்.

வடக்கே போன நம் ஆட்கள்

இந்தியாவில் இதற்கு பெயர் பெற்ற இடம் இமாசலபிரதேச மாநிலத்தில் உள்ள பீர்-பில்லிங். சுமார் 2 ஆயிரத்து 400 மீட்டர் உயரத்தில் பில்லிங்கில் கிளம்பி பீரில் இறங்குவார்கள். 2015-ல் உலகக் கோப்பை போட்டி நடந்த இடம். அங்கும் மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கத் தடை.

சுற்றுலா போகிற நம் ஆட்களும் காசு கொடுத்து, பயிற்சியாளரோடு சேர்ந்து பறக்கிறார்கள். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். சிலர் வீடு திரும்புவது இல்லை. 2019 நவம்பரில் குலு பள்ளத்தாக்கில் சென்னை வாலிபர் ஒருவர் விழுந்து இறந்தார். 2025 ஜனவரியில் அதே குலு பகுதியில் 2 சிறகுகள் மோதியதில் தமிழ்நாட்டு வாலிபர் இன்னொருவர் பலியானார்.

பக்கத்து கேரளாவில் நடந்தது இன்னும் வேடிக்கையான பயங்கரம். 2023 மார்ச் 7-ந் தேதி, பாபநாசத்தில்! நம் பாபநாசம் அல்ல, வர்க்கலை பாபநாசம் கடற்கரை. கோவையை சேர்ந்த பெண்ணும் பயிற்சியாளரும் பறந்த சிறகு உயர்ந்த விளக்கு கம்பத்தில் சிக்கிக்கொண்டது. இருவரும் அந்தரத்தில் தொங்கினார்கள். தீயணைப்பு படையினர் வலை விரித்து காப்பாற்றினார்கள். பிறகு போலீஸ் வழக்கு, கைது.

பொதிகை கணக்கு

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

பொதிகை என்று நாம் சொல்லும் அகத்தியர் மலையின் உயரம் ஆயிரத்து 868 மீட்டர். லேசான சிறகு, காற்று அடிக்காத நேரத்தில், ஒரு கிலோ மீட்டர் இறங்குவதற்குள் 5 முதல் 8 கிலோ மீட்டர் வரை முன்னால் போகும். அப்படிப் பார்த்தால் உச்சியில் இருந்து அதிகம் போனால் 14 கிலோ மீட்டர்.

பாளைக்கு நேர்கோட்டில் 50 கிலோ மீட்டருக்கு மேல். பாளையை விடுங்கள், பாபநாசத்துக்கே 15 கிலோ மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதாவது பறந்து வருகிறவர் நடுக்காட்டில்தான் இறங்குவார். அது என்ன காடு? களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம்!

வெயிலில் சூடேறி மேலே எழும்பும் காற்றைப் பிடித்து, பருந்து மாதிரி வட்டம் போட்டு உயரே போகிறவர்களும் உண்டு. அது பல வருடம் பழகியவர்கள் வேலை. அதிலும் ஆபத்து உண்டு. 2007-ல் ஆஸ்திரேலியாவில் இடி மேகம் ஒன்று எவா விஸ்னியர்ஸ்கா என்ற வீராங்கனையை 9 ஆயிரத்து 946 மீட்டர் உயரத்துக்கு உறிஞ்சிக்கொண்டு போய் விட்டது. மயங்கிய நிலையிலும் தெய்வாதீனமாக பிழைத்தார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் பிழைக்கவில்லை.

ஆடிக்காற்று

அடுத்த தடை காற்று. இந்த சிறகின் வேகம் மணிக்கு 35, 40 கிலோ மீட்டர்தான். எதிர்க்காற்று அதைவிட வேகமாக அடித்தால் முன்னால் போக முடியாது. பின்னாலேயே போவார்!

கிளம்பும்போது காற்று சரிவில் கீழே இருந்து மேலே ஏறி முகத்தில் அடிக்க வேண்டும். ஆனி, ஆடியில் நமக்கு தென்மேற்கு காற்று. அது கேரளா பக்கம் இருந்து மலையைத் தாண்டி, நம் பக்கம் முதுகில் வந்து விழும்.

தாமிரபரணியில் குளித்தவர்களுக்கு தெரியும். பாறையைத் தாண்டி விழும் தண்ணீர் பாறைக்குப் பின்னால் சுழிக்கும். அந்த சுழியில் யாரும் நீந்த மாட்டார்கள். மலையைத் தாண்டும் காற்றும் அதே மாதிரிதான் சுழிக்கும். தண்ணீர் சுழி கண்ணுக்குத் தெரியும். காற்று சுழி தெரியாது. அதில் மாட்டினால் சிறகு கசங்கிய கைக்குட்டை ஆகி விடும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் இந்த சிறகு பறக்கக் கூடாது.

மூன்றாவது தடை சட்டம். புலிகள் காப்பகத்தில் அனுமதி இல்லாமல் நுழைந்தால் 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி குற்றம். எவரெஸ்டுக்கே அனுமதி தேவை. 2022-ல் தென் ஆப்பிரிக்காவின் பியர் கார்ட்டர் நேபாள அரசின் அனுமதி வாங்கித்தான் பறந்தார். அவரையும் உச்சியில் இருந்து பறக்க விடவில்லை. 8 ஆயிரம் மீட்டருக்கு கீழே இருந்து பறந்தார்.

பறக்கும் முன் கேளுங்கள்

வெளியூர் போய் பறக்க ஆசைப்படுகிறவர்கள் 4 கேள்விகள் கேட்க வேண்டும். பயிற்சியாளருக்கு லைசென்சு இருக்கிறதா? ஹெல்மெட்டும் அவசர பாரசூட்டும் இருக்கிறதா? தொடை வார் இரண்டும் மாட்டியாகி விட்டதா? இன்றைக்கு காற்று எப்படி?

கடைசிக் கேள்விக்கு "இன்று வேண்டாம்" என்று பதில் சொல்கிறவர்தான் நல்ல பயிற்சியாளர். காசு போனாலும் பரவாயில்லை என்று திரும்பி விடுங்கள். மலை உச்சிக்கு சிறகை சுமந்து போன பெரிய பெரிய வீரர்களும் காற்று சரியில்லை என்றால் துணியை மடித்து, முதுகில் போட்டுக்கொண்டு, நடந்துதான் இறங்குகிறார்கள்.

இந்த விவரங்களை மறுநாள் அதே டீக்கடையில் சொன்னோம்.

"நான்தான் சொன்னேனே, முட்டு வலி நம்ம தலையெழுத்து" என்றார் பெரியவர்.

மாணவருக்கு மனம் ஆறவில்லை. "அப்ப ஒழுங்கா பீருக்குப் போயி படிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றார்.

"போய்ட்டு வாலே. மொதல்ல நேத்து டீக்காசையும் சேர்த்து வச்சிட்டு பற" என்றார் கடைக்காரர்.