சிறை மீண்டோரும் சமுதாயமும்

நீதிமன்றம் விதிக்கும் தண்டனைக்கு முடிவு நாள் உண்டு. ஊர் விதிக்கும் தண்டனைக்கு அத்தகைய நாள் குறிக்கப்படுவதில்லை. சிறையிலிருந்து மீண்டவருக்கு வேலை தர மறுத்தல், வாடகைக்கு வீடு விடத் தயங்குதல், அவர் குடும்பத்தில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் அஞ்சுதல் ஆகியவை எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத தண்டனைகளாகும்.

சிறை சென்றோர் அனைவரும் குற்றவாளிகளே என்னும் எண்ணம் இம்மனப்பான்மைக்கு அடிப்படையாக உள்ளது. இது தவறான எண்ணமாகும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, ஏறத்தாழ நால்வரில் மூவர் மீதான குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படாத நிலையிலேயே இருந்தது.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது. வாளையார் வழியே கோவைக்கும், குமுளி, போடிமெட்டு வழியே தேனி மாவட்டத்துக்கும் மக்கள் பிழைப்பின் பொருட்டு வந்து செல்கின்றனர். ஒரு மாநிலத்தில் கைதானவரின் சுற்றத்தார் மறு மாநிலத்தில் இருக்கலாம். பிணை நிற்க உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது. மூணாறு, பீர்மேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலோ தொழிலாளியின் ‘லயன்’ வீடு அவரது வேலையோடு பிணைந்தது. வேலையை இழந்தவர் திரும்பி வருவதற்கு வீடும் இராது.

இத்தகைய இடர்களைச் சட்டத்தின் கண்ணால் கூர்ந்து நோக்கிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் 1915இல் பிறந்தவர். வழக்கறிஞராக இருந்தபோது 1948இல் தாமே ஒரு மாத காலம் சிறையில் இருந்தவர். 1957இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சிறைத்துறைப் பொறுப்பையும் ஏற்றார். 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்றத்தில் பணியாற்றினார்.

அவர் 1978இல் தீர்ப்பளித்த மோத்தி ராம் வழக்கு எல்லைப்புற மக்களுக்கு மிகவும் பொருந்துவதாகும். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தில் வசிப்பவர் என்பதால் அவர் தந்த பிணை ஏற்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் இதனைத் தவறெனக் கண்டித்து, 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணைப் பத்திரத்தின் பேரில் அவரை விடுவிக்குமாறு ஆணையிட்டது.

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமும் மறுவாழ்வுக்கு வழி வகுக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்கதல்லாத குற்றங்களில், தகுதியுடையோரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதிமொழியின் பேரில் நீதிமன்றம் விடுவிக்கலாம். அவ்வாறு விடுவிக்கப்பட்டவரை அத்தீர்ப்பினால் விளையும் தகுதியிழப்பு பாதிக்காது என்று சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது. சட்டம் மறக்க முன்வந்ததை ஊர் மறக்க மறுப்பது முறையன்று.

மனப்போக்கு மாறக்கூடியதே என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. திருச்சூரை அடுத்த வியூர் மத்திய சிறை உள்ளிட்ட சிறைகளில் கைதிகள் செய்யும் சப்பாத்தி முதலிய உணவுகளைப் பொதுமக்கள் விரும்பி வாங்குகின்றனர். கைதியின் கை சமைத்த உணவை ஏற்பவர்கள், அக்கை விடுதலையான பின் வேலை கேட்டு நீளும்போது அதனை விலக்குவது எவ்வாறு பொருந்தும்?

இரு மாநில நன்னடத்தை அலுவலர்களும் எல்லை கடந்து ஒத்துழைத்தல் வேண்டும். விசாரணையும் சட்ட உதவியும் அவரவர் தாய்மொழியில் கிடைத்தல் வேண்டும். விடுதலை நாளுக்கு முன்னரே வீடும் வேலையும் குறித்துக் குடும்பத்தாருடனும் ஊராட்சியுடனும் பேசி வைத்தல் நலம். மீண்டு வருபவருக்கு உழைத்து வாழ ஓர் இடம் கிடைக்குமாயின், அவர் மறுபடியும் குற்றத்தின் பக்கம் சாய்வதற்கான தேவை குறையும். அது அவருக்கு மட்டுமன்றி, ஊருக்கும் பாதுகாப்பாகும்.