எக்ஸ்ரே வளைவு வேறு, முதுகு வலி வேறு!



அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர், கையில் எக்ஸ்ரே உறையோடு என்னிடம் வந்தார். "ஐயா, முதுகெலும்பு பாம்பு மாதிரி வளைஞ்சி கெடக்காம். இனிமே நான் படுக்கைதானா?" என்று கண் கலங்கினார்.

"வலி எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"சாயங்காலம் கொஞ்சம் இழுக்கும். மத்தபடி பேரப்புள்ளைய தூக்குறேன், சமைக்கிறேன்" என்றார். படம் பார்க்கும்வரை இருந்த தைரியம், பார்த்த பிறகு போய்விட்டது!

அதே வாரம் செம்பனைக் குலை தூக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். அவர் படத்தில் வளைவு கொஞ்சம்தான். ஆனால் வீட்டிலிருந்து கடைக்கு நடப்பதற்குள் கால் மரத்து, இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து போனால் சுகம். நரம்பு போகும் பாதை குறுகினால் இப்படித்தான் இருக்கும்.

இது ஏன்? எக்ஸ்ரே எலும்பின் வடிவத்தைக் காட்டும், வலியைக் காட்டாது. வளைவை டிகிரியில் அளக்கும் முறையை 1948இல் அமெரிக்க மருத்துவர் ஜான் காப் எழுதி வைத்தார். 10 டிகிரி வந்தாலே பக்கவளைவு என்று பெயர். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்ட, முதுகுக் கோளாறு இருப்பதாகத் தெரியாத 75 பேரைப் படம் எடுத்தார்கள். நூற்றுக்கு 68 பேருக்கு வளைவு இருந்தது! 1990இல் முதுகு வலியே வராத 67 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தபோதும், மூன்றில் ஒருவருக்குப் படத்தில் கோளாறு தெரிந்தது. வயது ஏறினால் தலை நரைப்பதுபோல் முதுகெலும்புத் தட்டுகளும் தேயும்.

படம் வீண் என்று சொல்லவில்லை. பக்கவாட்டில் நின்று எடுக்கும் படத்தில் உடம்பு முன்பக்கம் சாய்ந்திருந்தால், வலியும் தளர்ச்சியும் அதிகம் என்று 2005இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. பக்கத்து வளைவைவிட இந்த முன்சாய்வையே மருத்துவர்கள் கவனிக்கிறார்கள்.

நானும் ஒருமுறை தப்புச் செய்தேன். "படம் நல்லா இருக்கு, வேலைக்குப் போங்க" என்று ஒரு தோழரை அனுப்பிவிட்டேன். மூன்று வாரத்தில் காலை இழுத்துக்கொண்டு வந்தார். அன்றுமுதல் படத்துக்கு முன்னால் ஆளைப் பார்க்கிறேன்.

ஆகவே டாக்டரிடம் படத்தை மட்டும் நீட்டாதீர்கள். வலி முதுகிலா, காலிலா? எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? குனிந்தால் குறைகிறதா? எந்த வேலையில் கூடுகிறது? இவற்றைச் சொல்லி, பதிவு செய்யும்படி கேளுங்கள். இலகு வேலை கேட்கவும், சொக்சோவுக்கு மனு செய்யவும் அந்தப் பதிவு கைகொடுக்கும்.

வலி சாதாரணமாக இருந்தால் படுத்தே கிடக்காதீர்கள். தினமும் நடங்கள், வயிறு, முதுகுத் தசைகளுக்குப் பயிற்சி செய்யுங்கள், சுமையைப் பிரித்துத் தூக்குங்கள்.

ஆனால் இவை வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது: சிறுநீர், மலம் அடக்க முடியாமை அல்லது சிறுநீர் கட்டிக்கொள்ளுதல், இரு தொடைகளுக்கு நடுவே உணர்வு மரத்துப்போதல், கால் பலம் குறைதல், முதுகு வலியோடு காய்ச்சல், விழுந்தபின் கடும் வலி. உடனே சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கோ, பக்கத்திலுள்ள அரசாங்க மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும், இராத்திரி வலியில் தூக்கம் கெட்டாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

அந்த அம்மா இப்போது காலையில் கோவில்வரை நடந்துவிட்டு வருகிறார். எக்ஸ்ரே உறை அலமாரிக்கு மேலே கிடக்கிறது. வளைவு அப்படியேதான் இருக்கிறது, பயம்தான் போய்விட்டது!