மணி பிளான்ட்டுக்குள் ஒரு காவல்

ஒரு கணுவை நறுக்கித் தண்ணீர் பாட்டிலில் போட்டால் போதும், மண்ணும் கேட்காமல், நேர் வெயிலும் கேட்காமல் துளிர்த்துவிடும் மணி பிளான்ட். பசிபிக் கடலில் தாஹிட்டிக்கு அருகிலுள்ள மூரேயா தீவு இதன் பூர்வீகம். நம் வீட்டில் உள்ளங்கை அளவில் நிற்கும் இலை, பெரிய மரத்தில் ஏறிவிட்டால் ஒரு முழத்தையும் தாண்டி விரியும். இவ்வளவு சாதுவான கொடியை வீட்டு நாய் கடித்தால் ஆபத்தா என்று பலரும் கேட்கிறார்கள். நாய்க்கு இது ஆகாது. ஆனால் ஏன் ஆகாது என்று பார்க்கப் போனால், படைத்தவனின் கைவேலையைக் கண்டு கும்பிடத்தான் தோன்றுகிறது.

இந்த இலையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். பச்சைச் செல்களுக்கு நடுவே சில செல்கள் மட்டும் தனித்துத் தெரியும். அவற்றுக்குள் தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய, இரு முனையும் கூரான பளிங்கு ஊசிகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். வேர் உறிஞ்சிய கால்சியத்தோடு, தான் உண்டாக்கிய ஆக்சாலிக் அமிலத்தைச் சேர்த்துச் செடியே வார்த்த ஊசிகள் அவை. கண்ணில்லாத, கையில்லாத ஒரு செல்லுக்கு இந்த வித்தை எப்படி வந்தது! சேனை, கருணை, சேப்பங்கிழங்கு எல்லாம் இதே குடும்பம்தான். கிழங்கு நறுக்கும்போது கை அரிப்பதும், புளி சேர்த்து நன்றாக வேகவைக்காவிட்டால் தொண்டை காறுவதும் பெரும்பாலும் இந்த ஊசிகளால்தான்.

நாயின் பல் பட்டுச் செல் உடைந்ததும் ஊசிகள் நாக்கிலும் ஈறிலும் தைக்கின்றன. எச்சில் ஒழுகும், முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொள்ளும், சில நேரம் வாந்தி எடுக்கும். பெரும்பாலும் அதற்கு மேல் போவதில்லை. அரளியின் நஞ்சு இதயத்தையே தாக்கும். அது வேலையைக் காட்டும்போது இலை வயிற்றுக்குள் போயிருக்கும். மணி பிளான்ட்டோ முதல் கடியிலேயே வலிக்கச் செய்துவிடுகிறது. நாய் இலையைத் துப்பிவிடுகிறது. கொடியும் பிழைக்கிறது, நாயும் பிழைக்கிறது. தண்டிப்பதிலும் இத்தனை அளவு வைத்த கருணையை என்னவென்று சொல்வது!

அந்தக் கருணையை நம்பிக் கொடியைத் தரையில் படரவிட்டுவிடாதீர்கள். பல் முளைக்கும் குட்டி எதையும் கடிக்கும். எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள், நறுக்கிய துண்டுகளை உடனே அள்ளிவிடுங்கள். கடித்துவிட்டால் வாயைத் தண்ணீரால் கழுவித் துடைத்து, கொஞ்சம் பாலோ தயிரோ கொடுங்கள். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டை வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு போங்கள். கடித்த இலையையும் எடுத்துப் போங்கள். தரையில் பச்சை வேண்டுமென்றால் ஸ்பைடர் பிளான்ட், அரிகா பாம் இரண்டும் நாய்க்குக் கெடுதல் செய்யாதவை. சைகஸ் மட்டும் நாய் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அதன் விதை ஈரலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும்.