நாடி பேசாத கையும் மருத்துவப் படமும்

செங்கற்பட்டு மாவட்டம் ஏரிப் பாசனத்திற்குப் பேர்போனது. ஏரி நிரம்பியிருந்தும் தலைவாய்க்காலின் கரை உட்புறமாகப் புடைத்து வழி குறுகிவிடுமாயின், கடைமடை வயல் காய்ந்துபோவதை நமது விவசாயிகள் அறிவர். மனித உடலிலும் இத்தகைய கோளாறு நேர்வதுண்டு. இதயத்தினின்று புறப்படும் பெருந்தமனியிலும், அதிலிருந்து கழுத்து, கை, சிறுநீரகம் முதலியவற்றிற்குப் பிரியும் பெரிய குழாய்களிலும் அழற்சி உண்டாகிச் சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது.

இவ்வகை நோய்களுள் நம் நாட்டில் முக்கியமானது தகயாசு நோய். 1908ஆம் ஆண்டில் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் கண்ட மாறுதலை விவரித்த ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கிடோ தகயாசுவின் பெயரால் அது வழங்குகிறது. மணிக்கட்டில் நாடி அகப்படாமற் போவதால் ‘நாடியற்ற நோய்’ என்றும் கூறுவர். இளம்பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. அரிய நோயே எனினும் நமக்கு அயலானதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 602 நோயாளிகளின் விவரம் இடம்பெற்றது.

கனலா, தழும்பா?

வைத்தியருக்கு எழும் முதற்கேள்வி, குழாய்ச் சுவரில் அழற்சி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறதா, அன்றி ஆறிய தழும்பு மட்டுமே உள்ளதா என்பதாகும். கனன்றுகொண்டிருப்பின் அதை அடக்கும் மருந்துகள் உடனே வேண்டும். ஆறிய தழும்பிற்கு அம்மருந்துகளை வீணே கொடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், தொற்று நோய்கள் எளிதிற் பற்றும். இரத்தப் பரிசோதனை சில வேளைகளில் ஒழுங்காகத் தோன்ற, உள்ளே அழற்சி நீடிப்பதும் உண்டு. எனவேதான் படங்களின் துணை தேவைப்படுகிறது.

எந்தப் படம் எதைக் காட்டும்?

ஒலியலை ஸ்கேன் கழுத்துக் குழாயின் சுவர்த் தடிப்பை அளந்து காட்டும். செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை. ஆயினும் மார்புக்குள் இருக்கும் பெருந்தமனியை உடலின் மேலிருந்து அது நன்கு காட்டாது. எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் சுவரின் தடிப்பையும் வீக்கத்தையும் கதிர்வீச்சின்றிக் காட்டும். தகயாசு நோய்க்கு முதலில் இதனையே எடுக்கலாம் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. சி.டி. படம் குழாய் குறுகிய இடத்தைத் தெளிவாகக் காட்டும்.

பெட் ஸ்கேன் கனலையே காட்ட முயல்வது. அழற்சியுள்ள இடத்தின் உயிரணுக்கள் சர்க்கரையை மிகுதியாக உண்ணும். ஆகவே, சற்றே கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை போன்ற ஒரு பொருளை, பட்டினியிருந்த நோயாளியின் இரத்தத்தில் செலுத்தி, ஒரு மணி நேரத்திற்குப்பின் படம் எடுக்கின்றனர். குழாய்ச் சுவரின் ஒளிர்வைக் கல்லீரலின் ஒளிர்வோடு ஒப்பிட்டு மதிப்பிடுகின்றனர். ஒளிர்வு இல்லையெனில் 0, கல்லீரலினும் குறைவெனில் 1, சமமெனில் 2, மிகுதியெனில் 3. அப்பொருளின் கதிரியக்கம் 110 நிமிடங்களில் பாதியாகிவிடுவதால் அதைச் சேமித்து வைத்தல் இயலாது. இப்பரிசோதனை பெரிய நகரங்களிலேயே பெரும்பாலும் நடைபெறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் படம் மட்டுமே தீர்ப்பாகாது. ஸ்டீராய்டு மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே ஒளிர்வு மங்கத் தொடங்கும். நோய் அடங்கியதாகத் தோன்றுவோரிடத்தும் அது எஞ்சி நிற்பதுண்டு. ஆதலின் நாடி, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை, படம் ஆகிய யாவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார். கருவுற்ற பெண்கள் அதனை முன்னரே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

ஊராட்சியின் பங்கு

இக்கருவிகள் எவ்வளவு நுட்பமாயினும், நோயாளி அவற்றை அடைந்தாலன்றிப் பயனில்லை. காட்டாங்குளத்தூர்ப் பகுதியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. மின்ரயிலில் ஒருபுறம் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், மறுபுறம் சென்னைக்கும் செல்லலாம். வழி இருக்கிறது, வழிகாட்டுவோரே தேவை.

இளம்பெண்ணொருத்தி தண்ணீர்க் குடம் தூக்கும்போதும் துணி பிழியும்போதும் கை சோர்ந்து வலிக்கிறதென்றால், சோம்பல் என்று ஒதுக்கலாகாது. இலேசான காய்ச்சலும் மெலிவும் காணின் காசநோய்ப் பரிசோதனை செய்வது முறையே. காசநோய் இல்லையென்று தெரிந்ததும் அத்தோடு விட்டுவிடலாகாது. இளவயதில் இரத்தக் கொதிப்பு, தலைசுற்றல், கழுத்து வலி ஆகியனவும் எச்சரிக்கையே.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வீட்டு வாயிலுக்கே வருகிறது. மேற்கூறிய அறிகுறி உள்ளவர்க்கு இரு கைகளிலும் நாடி பார்த்து, இரு கைகளிலும் அழுத்தம் அளக்கும்படி ஊராட்சி உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ளலாம். ஒரு கைக்கும் மறு கைக்கும் 20 அளவோ அதற்கு மேலோ வேற்றுமை இருப்பினும், ஒரு கையில் நாடி பேசாவிடினும், நாள் கடத்தாமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். இதற்குப் பணச் செலவில்லை. சில நிமிடங்களே போதும். காலத்தில் கண்டுகொண்டால் ஒரு பெண்ணின் பார்வையையும், சிறுநீரகத்தையும், உயிரையும் காப்பாற்ற இயலும்.