கொல்லை மரமும் கிரேன் கணக்கும்

ஐப்பசி பிறக்குமுன் நம் வணிகர்கள் செய்து வைக்கும் வேலைகள் சில உண்டு. குடோன் தரையில் கட்டை அடுக்கி மூட்டைகளை உயர்த்தி வைப்போம். ஓடு உடைந்திருக்கிறதா, ஷட்டருக்குக் கீழே தண்ணீர் நுழையுமா என்று பார்ப்போம். ஆனால் கொல்லைப்புறத்தில் குடோன் கூரைக்கு மேலே கிளை பரப்பி நிற்கும் மரத்தை மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தாத்தா காலத்து மரம், நிழல் தருகிறது, நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. அன்று காலை வீட்டுக் கதவைத் திறந்தவர்களுக்கு வீதியே அடையாளம் தெரியவில்லை. மரங்கள் சாலையின் குறுக்கே கிடந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. 2020 நவம்பரில் 'நிவர்' வந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு 'ஃபெஞ்சல்' கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. காற்று மட்டும்தான் மரத்தைச் சாய்க்கும் என்பதில்லை. மண் ஊறிக் குழைந்துவிட்டால் வேருக்குப் பிடி ஏது?

தானே புயலுக்கு மறுநாள் நாம் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய மார்க்கெட்டுக்கு அருகே ஒரு மளிகை வியாபாரியின் குடோன் மேல் பக்கத்து மனையின் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. கூரை உடைந்து, உள்ளே பருப்பும் சர்க்கரையும் நனைந்துகொண்டிருந்தன. அவருக்கு அவசரம். கிடைத்த இரண்டு பேரை மேலே ஏற்றி அறுக்கச் சொன்னார். அவர்கள் தலைப்பகுதியின் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். தலைப்பாரம் குறையக் குறைய, மண்ணோடு பெயர்ந்து நின்ற வேர்ப்பகுதி திரும்பக் குழியில் விழுந்தது. அடிமரம் சடாரென்று நிமிர்ந்தது. மேலே நின்றவர் தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பியது, தொடை எலும்பு முறிந்தது. ஆறு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. மருத்துவச் செலவு முழுவதும் வியாபாரியின் தலையில் விழுந்தது. சரக்கும் மிஞ்சவில்லை.

அந்த மரத்தை முதலில் ஒரு கிரேனின் கொக்கியில் தாங்கிப் பிடித்துவிட்டு, பிறகு அறுத்திருந்தால் இது நடந்திருக்காது. "முதலில் தாங்கு, பிறகு அறு" என்பதே இந்த வேலையின் முதல் பாடம்.

யாருக்குக் கிரேன் தேவை?

எல்லா மரத்துக்கும் கிரேன் தேவையில்லை. சுற்றிலும் வெற்றிடம் இருந்தால் கயிறு கட்டி, மேலிருந்து துண்டு துண்டாக இறக்கலாம். ஆனால் புதுவைக் கடைவீதிகளின் அமைப்பு வேறு. முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் குடோனும் கொல்லையும். இருபுறமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். கொல்லை மரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு கூரை மேல்தான் விழும். அது கட்டைக்குத்துத் தளமாகவோ, நாட்டு ஓடாகவோ, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாகவோ இருந்தால் நூறு கிலோ கிளையைக்கூடத் தாங்காது. வெட்டிய துண்டை வெளியே கொண்டு போவதற்கும் கடையின் நடுவே போகும் நடையைத் தவிர வேறு வழியில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் மரத்தைத் துண்டு துண்டாகக் கூரைக்கு மேலே தூக்கி, வீதியில் இறக்குவதற்குக் கிரேன்தான் வழி. உளுத்துப்போன மரத்தில் ஆள் ஏறவே கூடாது. அங்கும் கிரேன் வேண்டும். கூரை மேல் ஏற்கெனவே சாய்ந்து கிடக்கும் மரத்துக்குக் கட்டாயம் வேண்டும்.

எடையை நாமே போடலாம்

மரத்தின் எடையைப் பார்வையால் மதிப்பிடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பச்சை மரம் ஒரு கன அடி சுமார் 25 கிலோ இருக்கும். அதாவது ஒரு சின்ன அரிசி மூட்டை. மரத்துக்கு மரம் இது கூடும், குறையும். மழையில் ஊறியிருந்தால் கூடும். 2 அடி விட்டமும் 6 அடி நீளமும் உள்ள அடிமரத் துண்டு ஏறக்குறைய 19 கன அடி. 19 அரிசி மூட்டையை ஒரே கட்டாகக் கட்டி உங்கள் குடோன் ஷீட்டுக்கு மேலே தொங்கவிட்டிருப்பதாக நினைத்துப் பாருங்கள். எடை கிட்டத்தட்ட அரை டன். எடை போடத் தெரியாத வியாபாரி நம்மில் யாரும் இல்லை. இந்தக் கணக்கை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் நாமே போட்டுப் பார்க்கலாம்.

14 டன் என்றால் 14 டன் அல்ல

கிரேன் வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டன் வண்டி?" என்றுதான். 14 டன் என்று பதில் வரும். அரை டன் மரத்துக்கு 14 டன் கிரேன் தாராளம் என்று நிம்மதி அடைந்துவிடுகிறோம். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கை நீண்டு, அதில் குண்டு நகரும் பழைய வெள்ளிக்கோலை நம் மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குண்டு ஒன்றுதான். அதைத் தள்ளி வைக்க வைக்க அதிக எடையைத் தாங்கி நிற்கும். கிரேனின் கணக்கும் அதுவே. வண்டிக்கு அருகே தொங்கும் பாரம் வேறு, பூமை நீட்டித் தள்ளித் தொங்கவிடும் அதே பாரம் வேறு. 3 மீட்டர் தூரத்தில் 6 டன் தூக்கக்கூடிய வண்டி, 9 மீட்டர் தூரத்தில் 2 டன்கூடத் தூக்காது. நீட்டிய பூமின் எடையும் சேருமாதலால் இன்னும் குறைவாகவே தூக்கும். 14 டன் என்பது பூமைச் சுருக்கி, வண்டியை ஒட்டித் தூக்கும் கணக்கு.

வீதியிலிருந்து உங்கள் கொல்லை மரம் 60 அடி உள்ளே இருந்தால் அது 18 மீட்டர். நம் ஊரில் சாதாரணமாக ஓடும் ஹைட்ரா வண்டி அங்கே எட்டவே எட்டாது; எட்டினாலும் மிகச் சிறிய துண்டைத்தான் தூக்கும். லாரி மேல் அமைந்த, அடுக்கடுக்காக நீளும் பூம் உள்ள பெரிய கிரேன் வேண்டியிருக்கலாம். அல்லது பின்பக்கச் சந்து வழியாக வண்டியை நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமா என்று பார்க்க வேண்டும். எந்த தூரத்தில் எத்தனை எடை என்ற அட்டவணை ஒவ்வொரு கிரேனிலும் ஆபரேட்டர் அறையில் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் பேரம் பேச வேண்டாம், அனுப்பிவிடுங்கள்.

வண்டி நிற்கும் இடம்

வேலை நடப்பது மேலே. ஆனால் பல விபத்துக்குக் காரணம் கீழே இருக்கிறது. கிரேனின் கால்களை வீதியோரச் சாக்கடை மூடி மேலோ, கழிவுநீர்த் தொட்டி மேலோ ஊன்றினால் பாரம் ஏறும்போது சிலாப் உடைந்து வண்டி கவிழும். நம் வீதிகளில் இருபுறமும் வாய்க்கால் ஓடுவதை மறக்கக் கூடாது. உறுதியான தரையில், கால்களுக்கு அடியில் கனத்த மரக்கட்டைகளை அடுக்கி ஊன்ற வேண்டும். மழை பெய்து மண் ஊறியிருந்தால் வேலையைத் தள்ளிப் போடுவதே நல்லது.

அடுத்தது மின்கம்பி. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளில் 50,000 வோல்ட் வரையுள்ள கம்பிகளிலிருந்து கிரேனின் எந்தப் பகுதியும் 10 அடி விலகியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் குறுகிய வீதிகளில் அந்த இடைவெளி எங்கே கிடைக்கப்போகிறது? ஆகவே மின்துறையில் முன்கூட்டியே விண்ணப்பித்து, வேலை நேரம் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தச் செய்வதே வழி. "பார்த்து ஓட்டிக்கொள்கிறேன்" என்று ஆபரேட்டர் சொல்வதை ஏற்கக் கூடாது.

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். கடைக்கு விடுமுறை என்று பலர் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பார்கள். காந்தி வீதியில் ஞாயிறு சந்தை கூடும் நாளில் அந்தப் பக்கம் சைக்கிளே நுழையாது. கிரேன் எப்படி நுழையும்? வாரநாளில் விடியற்காலையில், போக்குவரத்துக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்துச் செய்வது உத்தமம்.

வேலை நடக்க வேண்டிய முறை

வேலை தெரிந்தவர்கள் செய்வது இப்படித்தான் இருக்கும். முதலில் பெல்ட்டைக் கிளையின் பாரமையத்துக்குச் சற்று மேலே கட்டுவார்கள். கிரேன் லேசாக இழுத்துப் பிடித்துக் கிளையின் எடையை வாங்கிக்கொள்ளும். அதன் பிறகே மிஷின் அறுக்கும். அறுத்த துண்டு கீழே விழாது, குதிக்காது. அப்படியே நின்று, மெல்ல மேலெழும்பும். அறுத்த துண்டு ஓர் அடி விழுந்து பெல்ட்டில் வெட்டி இழுத்தாலும் அதன் தாக்கம் எடையைப் போல் பல மடங்காகிவிடும். எனவே பெரிய துண்டாக ஒரே தூக்கில் முடிக்கலாம் என்று அவசரப்படுத்தக் கூடாது. துண்டு சிறிதாக இருந்தால் நேரம் கூடும், ஆபத்து குறையும்.

ஆபரேட்டருக்குக் கொல்லை கண்ணுக்குத் தெரியாது. சைகை காட்ட ஒருவர், ஒருவர் மட்டுமே, இருக்க வேண்டும். முதலாளி, கணக்குப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலு பேர் கை காட்டினால் விபரீதம்தான். தொங்கும் பாரத்துக்கு அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது. குடோனையும், பூம் கடக்கும் வீடுகளையும் அந்த நேரத்துக்குக் காலி செய்துவிட வேண்டும். பலத்த காற்று அடித்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

"கூலி வேண்டாம், மரத்தைக் கொடுங்கள்"

இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அவருக்கு வேண்டியது அடிமரம். உங்கள் கூரையைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. செலவு குறைந்தால்தான் அவருக்கு லாபம். எனவே கிரேன் வராது, பெல்ட் வராது, தலைக்கவசம்கூட வராது. இலவசமாக முடிந்த வேலைதான் பல சமயம் அதிக விலை கேட்கிறது. மரத்தை விறகுக் கடைக்குத் தனியாக விலை பேசுங்கள். வெட்டும் கூலியைத் தனியாகப் பேசுங்கள்.

கிரேன் வாடகையிலும் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை மணி நேரத்துக்கு வாடகை, வண்டி வந்து போகும் நேரம் அதில் சேருமா, பெல்ட்டும் ஆளும் யாருடையவை, கூரை உடைந்தால் பொறுப்பு யாருடையது என்பவை எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். வண்டியின் இன்சூரன்ஸ், எடை தூக்கும் சோதனைச் சான்று, ஆபரேட்டரின் உரிமம் ஆகியவற்றின் நகலையும் கேளுங்கள். மரத்தைத் தொடுமுன் நகராட்சியிலும் வனத்துறையிலும் அனுமதி விவரத்தை எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். மரம் பக்கத்து மனையுடையது என்றால் அவரது சம்மதக் கடிதம் இல்லாமல் ஒரு கிளையும் வெட்டக் கூடாது.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு வணிகர்களுக்காக 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி நடைமுறைக்கு வந்தது. கட்டடமும் சரக்கும் சேர்ந்து 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள இடங்களுக்கு இது உரியது. புயல், வெள்ளம், மரம் விழுந்து ஏற்படும் சேதம் ஆகியவை இதில் அடங்கும். ஆனால் நிற்கும் மரத்தை முன்கூட்டியே எடுக்கும் செலவுக்கு இதில் பணம் கேட்க முடியாது. வெட்டும் ஆளுக்கு அடிபட்டால் அது வேறு கணக்கு. ஏஜெண்டிடம் நிபந்தனைகளைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். மரம் விழுந்துவிட்டால் எதையும் நகர்த்துமுன் படம் எடுத்து வையுங்கள்.

எல்லா மரத்தையும் வெட்டவா?

அப்படி நாம் சொல்லவில்லை. புதுவையின் வெயிலில் நிழல் தரும் மரத்தின் அருமை கடைக்காரருக்குத்தான் தெரியும். அடியில் மண் வெடித்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, தண்டில் காளான் பூத்திருக்கிறதா, தட்டினால் உள்ளே பொள்ளலாக ஒலிக்கிறதா, வாய்க்கால் தோண்டியபோது ஒரு பக்க வேரை வெட்டிவிட்டார்களா, தூர் வரை சிமெண்ட் பூசியிருக்கிறோமா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் தலைப்பாரத்தை அளவாகக் கழித்துவிட்டு மரத்தை நிற்க விடலாம். அரசு, பூவரசு போன்ற சில மரங்கள் புயலில் சாய்ந்தாலும், வேரில் பாதி மண்ணில் பிடித்திருந்தால் கிளைகளைக் கழித்து, கிரேனால் நிமிர்த்தி, முட்டுக் கொடுத்துப் பிழைக்க வைக்கலாம். மரத்தை எடுக்க வரும் கிரேனே மரத்தைக் காப்பாற்றவும் உதவும்.

கடைசியாக ஒரு யோசனை. ஒரு கடைக்காரர் தனியாகப் பெரிய கிரேனை அழைத்தால் செலவு கையைக் கடிக்கும். இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு நாள் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். ஒரே வீதியில் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்தால் அதே வாடகை பங்காகப் பிரிந்துவிடும். மின்நிறுத்தத்துக்கும் ஒரே விண்ணப்பம் போதும். ஆடி மாதத்திலேயே வீதிவாரியாக ஆபத்தான மரங்களின் பட்டியலை எழுதி, ஆவணிக்குள் வேலையை முடித்துவிடலாம். புயல் அறிவிப்பு வந்த பிறகு கிரேனும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. கிடைத்தாலும் அவர்கள் சொன்னதுதான் விலை.

வருகிற ஆடியில் உங்கள் கொல்லைக்குப் போய் ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். ஒரு டேப்பையும் எடுத்துச் சென்று, வீதியிலிருந்து மரம் எத்தனை அடி என்று அளந்து குறித்து வையுங்கள். கிரேன்காரரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் கணக்கு அந்த அடிக்கணக்குதான். டன் கணக்கு அதற்குப் பிறகு.