முலையூட்டி என்னும் பெயர்: உயிரியலும் வரலாறும்

விஞ்ஞானக் கலைச்சொற்கள் சமுதாயச் சார்பு அற்றவை என்னும் எண்ணம் கற்றோரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. மனிதன் அடங்கும் விலங்கு வகுப்பின் பெயரைக் கொண்டே இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு முன் அப்பெயருக்குரிய உறுப்பினை அறிதல் வேண்டும்.

முலைச்சுரப்பி தோலின் வழித்தோன்றல். மயிரோடு இணைந்திருந்த தோற்சுரப்பிகளே கூர்ப்பின் போக்கிற் பால் சுரக்கும் உறுப்பாயின என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. திராட்சைக் குலைபோலத் திரண்ட சிற்றறைகளின் கலங்கள், குருதியிலிருந்து பெறும் மூலப்பொருள்களைக் கொண்டு கொழுப்பையும் புரதத்தையும் பால்வெல்லத்தையும் ஆக்குகின்றன. கருப்ப காலத்திற் புரோசெசுத்தரோன் என்னும் ஓமோன் பெருஞ்சுரப்பைத் தடுத்து நிற்கின்றது. பேற்றின்பின் அது வீழ்ச்சியடையவே, கபச்சுரப்பி தரும் புரோலக்ரினாற் பால் பெருகுகின்றது. குழந்தை உறிஞ்சும்போது நரம்புவழித் தூண்டல் மூளையை அடைகின்றது, ஒட்சிரோசின் வெளிப்பட்டுச் சிற்றறைகளைச் சூழ்ந்த கலங்களைச் சுருங்கச் செய்கின்றது, பால் இறங்குகின்றது.

பாலின் தன்மை வாழ்நிலைக்கேற்ப வேறுபடும். மனிதப் பாலிற் கொழுப்பு ஏறத்தாழ 4 வீதம். வட அத்திலாந்திக்கின் மிதக்கும் பனிக்கட்டியில் ஈன்று, நான்கே நாட்களிற் பால்குடி மறக்கச் செய்யும் ஒருவகைக் கடல்நாயின் பாலில் அது ஏறத்தாழ 60 வீதம். கங்காருவோ ஒரே வேளையில் புதிதாய்ப் பிறந்த குட்டிக்கு ஒரு முலையிலும், பையைவிட்டு வெளியேறிய மூத்த குட்டிக்கு இன்னொன்றிலும் வெவ்வேறு பாலைத் தருகின்றது.

சுரப்பு தொடர்வது பால் அகற்றப்படுவதிலேயே தங்கியுள்ளது. அகற்றப்படாது தேங்கினால் இழையம் சுருங்கிவிடும். அகற்றப்படும்வரை, பேறு நிகழ்ந்து ஆண்டுகள் சென்ற பின்னும் சுரக்கும். உறிஞ்சும் வாய் எவருடையது என்பது சுரப்பிக்கு ஒரு பொருட்டன்று. பாலூட்டல் கூலியுழைப்பாக மாறியமைக்கு இவ்வியல்பே உடலியல் அடிப்படையாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் அம்மாற்றம் உச்சநிலை எய்தியிருந்தது. பாரிஸ் நகரக் காவற்றலைவர் லெனுவார் 1780இற் கூறிய கணக்கின்படி, அந்நகரில் ஆண்டுதோறும் பிறந்த ஏறத்தாழ 21,000 குழந்தைகளுள் சொந்தத் தாயிடம் பால் குடித்தவை ஆயிரம் அளவினவே. பெரும்பாலானவை கிராமத்துப் பெண்களிடம் அனுப்பப்பட்டன. செல்வர் மனைவியர் மட்டுமல்லர், உழைத்தாலன்றி வாழவியலாத கைவினைஞர் மனைவியரும் தம் குழந்தைகளை அனுப்பினர். கூலிக்குப் பால் விற்ற பெண்ணின் சொந்தக் குழந்தைக்கு எஞ்சியது என்ன என்னும் வினாவை அக்காலச் சீர்திருத்தக்காரர் பலர் இரண்டாம் பட்சமாகவே கருதினர்.

இக்கூலி முறையை எதிர்த்து 1752இல் ஓர் ஆய்வேட்டை வெளியிட்டவருள் ஒருவர் சுவீடன் நாட்டு மருத்துவரும் ஏழு பிள்ளைகளின் தந்தையுமான லின்னேயசு. ஆறாண்டுகளின் பின்னர், 1758இல், அதுவரை 'நாலுகால் விலங்குகள்' என வழங்கிய வகுப்பிற்கு, முலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'மம்மேலியா' என்னும் பெயரை அவர் சூட்டினார். மயிரும் செவியின் மூன்று சிற்றென்புகளும் அவ்வகுப்பிற்கே உரியவை, இருபாலார்க்கும் பொதுவானவையுங்கூட. முலைச்சுரப்பியோ பெண்ணிடத்தே மட்டும் தொழிற்படுவது. ஆண் குதிரைக்கு முலைக்காம்பே இல்லை என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பூபோன் அக்காலத்திலேயே சுட்டிக்காட்டினார். 1993இல் இவ்விரு நிகழ்ச்சிகளையும் தொடர்புபடுத்தி ஆராய்ந்த லொண்டா சீபிங்கர், தாயை வீட்டிற்குரியவளாக்கிய அரசியலின் சுவடு இப்பெயரில் உண்டென வாதிட்டார். நேரடிக் காரண காரியமாக இதனைக் கொள்வது மிகையாகலாம். ஆயினும் 1794இன் பிரசிய நாட்டுச் சட்டம் உடல்நலமுள்ள தாய்மார் தாமே பாலூட்ட வேண்டுமென விதித்தது என்பதை நோக்கின், அக்கருத்து எத்துணை வலுப்பெற்றிருந்தது என்பது புலனாகும்.

நாம் இலங்கையில் வழங்கும் 'முலையூட்டி' லின்னேயசின் சொல்லை அப்படியே பின்பற்றுகின்றது. தமிழ்நாட்டார் 'பாலூட்டி' என்கின்றனர். அவுஸ்திரேலியாவின் பிளற்றிப்பசு முட்டையிடுவது. அதற்கு முலைக்காம்பு இல்லை. அதன் பாற்சுரப்பியை ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் மெக்கல் 1820களில் விவரித்தார். தாயின் வயிற்றுத் தோலிற் கசியும் பாலைக் குஞ்சுகள் பருகுகின்றன. 'பாலூட்டி' என்னும் சொல்லுள் அவ்விலங்கு தடையின்றி அடங்குகின்றது.