அரிவாள் அணுவும் மரபணுச் சோடியும்

பிறப்போடு வரும் சொத்து

பாட்டனாரின் மூக்கு பேரனுக்கு அப்படியே வாய்த்திருக்கிறதென்று தொட்டிலைச் சுற்றி நின்று பூரித்துப் போகிற நாம், அதே வழியில் ஒரு வியாதியும் வந்து சேரலாமென்று கேட்ட மாத்திரத்தில், பூர்வஜன்ம வினையையோ மருமகளையோ நிந்திக்கத் தொடங்கிவிடுகிறோம். தேகத்தின் குணங்களுக்குரிய கட்டளையைத் தாங்கிய மரபணுக்கள், குரோமோசோம் என்னும் இழைகளில் வரிசையாக அமைந்து, தந்தையிடமிருந்து 23, தாயிடமிருந்து 23 என வந்து சேர்வதால், பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டிரண்டு பிரதிகளாகவே இருக்கின்றன.

ஒரே ஓர் இடத்துப் பிழை

1910-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக், கிரனடா தீவிலிருந்து வந்த ஒரு மாணவரின் இரத்தத்தில் கண்டு எழுதிய பிறைபோல் வளைந்த அணுக்களுக்கு மூலகாரணம், 11-ஆவது குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவின் சிறு பிழையே என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அப்பிழையால், ஹீமோகுளோபின் புரதச் சங்கிலியொன்றின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேலின் என்னும் வேறொன்று வந்து அமர்கிறது. பிராணவாயு குறைந்தவுடன் இரத்தச் சிவப்பணு விறைத்து வளைந்து, மெல்லிய நாளங்களை அடைத்து, எலும்பைப் பிளப்பது போன்ற வேதனையை உண்டாக்குகிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு, 10 அல்லது 20 நாளில் அழிகிறது. இதனால் வருவதே அரிவாள் அணுச் சோகை. நம் நீலகிரியின் பழங்குடியினரிடையேயும் இந்த அரிவாள் அணுக் குணம் உண்டென்று 1952-இலேயே கண்டறிந்தார்கள்.

ஒடுங்கு பண்பு

ஒரு பிரதி மட்டும் இருந்தாலே வெளிப்படுவதை ஓங்கு பண்பென்றும், இரு பிரதிகளும் ஒத்திருந்தால்தான் வெளிப்படுவதை ஒடுங்கு பண்பென்றும் சொல்வார்கள். ஒடுங்குதல் என்பது இங்கே பலவீனமன்று, மறைந்திருத்தலே. அரிவாள் அணுச் சோகை இவ்வகையைச் சேர்ந்ததாகையால், பழுதான பிரதி ஒன்றை மட்டும் உடையவர் நோயாளியல்லர். அதைச் சந்ததிக்குக் கடத்தக்கூடிய தாங்கி மட்டுமே. கடும் மலேரியாவினின்று அவருக்கு ஓரளவு காப்பும் உண்டு என்பது இயற்கையின் விசித்திரம்.

தாய், தந்தை இருவரும் தாங்கிகளானால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீதமும், தாங்கியாக இருக்க 50 சதவீதமும், இரண்டுமின்றிப் பிறக்க 25 சதவீதமும் வாய்ப்புண்டு. முதற்குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடுமென்று கணக்கிடுவது பெரும் பேதைமை. ஒவ்வொரு பிரசவத்திலும் அந்தக் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. நோயுற்ற குழந்தைக்குப் பிழையின் ஒரு பாதி தகப்பன் வழியே வந்திருக்க, தாயை மட்டும் பழிப்பது எந்த நியாயம்?

மணத்துக்கு முன்

சோகையைப் பார்க்கும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் தாங்கியின் நிலை புலப்படாது. எலெக்ட்ரோஃபோரெசிஸ் போன்ற ஹீமோகுளோபினைப் பிரித்தறியும் சோதனை வேண்டும். இக்குணம் வழங்கும் சமூகத்தவரும், இந்நோய் கண்ட குடும்பங்களில் உறவில் சம்பந்தம் பேசுவோரும், தாம்பூலம் மாற்றுவதற்கு முன்பே, பிள்ளை பெண் இருவரின் இரத்தத்தையும் அவ்விதம் பார்த்துவிடுங்கள்.